‘நிக்கிறார்’ என்று நான் சொன்னது

பெயர் சுந்தரேஸ்வரி சிவகுருநாதன். வயது ஐம்பத்தாறு. பிறந்த ஊர் யாழ்ப்பாணம், அளவெட்டி. வசிப்பது ஜேர்மனி, ஹம் நகரில், புகையிரத நிலையத்துக்குப் பின்புறமுள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடியில். தொழில் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில். கணவர் பெயர் சிவகுருநாதன், வயது அறுபத்தொன்று, கேபிள் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர். எனது கணவர் தற்போது மலையடிவாரத்திலுள்ள வைத்தியசாலையில் நிற்கிறார். ஒரே மகன் யதுசன், எசன் நகரில் வசிப்பவர். இந்த விடயத்தில் முறைப்பாடு கொடுத்தவர் அவர்தான்.

எனக்கு டொச், அதாவது ஜேர்மன் மொழி, தெரியும். வயதுபோனவர்களின் உடுப்புகளைத் தோய்த்து, அவர்களோடு மல்லுக்கட்டிப் படித்த டொச் அது; அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தப் பிரச்சினை ஒரு தமிழ்ச் சொல்லால் வந்தபடியால் நான் அதைத் தமிழில்தான் சொல்வேன் என்று விசாரணை அலுவலர் பீலிக்ஸ் ரைனர் அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். அவர் அதற்கு இணங்கி, கோயம்புத்தூரைப் பிறப்பிடமாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளர் திருமதி லவினியா அவர்களை அழைத்திருக்கிறார். நான் சொல்லச் சொல்ல அவர் தமிழில் எழுதி, முடிவில் முழுவதையும் அலுவலருக்கு டொச்சில் வாசித்துக் காட்டுவார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அம்மா தேவைக்குக் கூடக் கதைப்பா என்று மகன் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது உண்மை. பொய் கதைக்கிற பழக்கம் மட்டும் என்னிடம் இல்லை.

வால்டோர்ஃபில் கணினி மென்பொருள் வேலை செய்யும் இளம்பரிதி என்பவர், மலைமீட்புக் குழுவுக்குத் தொலைபேசியில் பொய்த் தகவல் கொடுத்தார் என்றும், அதனால் தன் தகப்பனின் கால் போனது என்றும் மகன் முறைப்பாடு செய்திருக்கிறார். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் வேலை விசாவில் இந்த நாட்டில் இருப்பவர். இந்தப் பழி அவர் தலையில் விழுந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டி வரலாம் என்று அறிகிறேன். அப்படி ஒன்று நடந்தால் எனக்கு நித்திரை வராது. ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

எனது கணவருக்கு மலைப் பைத்தியம். தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர் பல வருடங்களுக்கு முன்னர் ஒருமுறை அவரை ஆல்கோய் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார், அன்று பிடித்தது. கோடை முடிகிற காலத்தில் லீவு எடுத்துக்கொண்டு போவார், முகம் கறுத்து, முழங்கால் உரஞ்சுப்பட்டு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வருவார். டோலன்கார் என்ற கற்பள்ளத்துக்கு மேலே, மலை ஏறுகிறவர்கள் இரவு தங்குவதற்கென்று கட்டிய கொட்டில் ஒன்றைப் பற்றியே அவருடைய கதை முழுவதும் இருக்கும். அங்கே காவலுக்கு ஆள் இல்லை, சமைத்துத் தர ஆள் இல்லை, கதவுக்குப் பூட்டு இல்லை, யார் வந்தாலும் படுத்தெழும்பிப் போகலாம் என்பார். சைக்கிளுக்கே இரண்டு பூட்டுப் போடுகிற நாட்டில் பூட்டில்லாத வீடா, ஆருக்குக் காது குத்துகிறீர்கள் என்று நான் கேட்பேன். சென்ற புரட்டாதி மாதம் அவர், “இஞ்சாரும், ஒருக்கா வந்து பாரும். அதுக்குப் பிறகு உம்மை நான் ஒண்டும் கேக்கமாட்டன்” என்றார். அந்தக் குரலுக்கு நான் இளகிப்போனேன்.

அதன் பின்னர் நாங்கள் இருவரும் புகையிரதத்திலும் பஸ்சிலும் மலையடிவாரத்துக்கு வந்து, ஓரிரவு தங்கி, மறுநாட் காலை நடக்கத் தொடங்கினோம். மதியம் கடந்ததும் மூடுபனி இறங்கியது. எனக்கு முன்னால் போன கணவரின் முதுகுப்பை முதலில் வெளிறி, அதன் பின்னர் சாம்பல் நிறமாகி, அதன் பின்னர் இல்லாமற் போனது. அவருடைய கைத்தடி கல்லில் தட்டுகிற சத்தம் மட்டும் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நித்திரையில் நடக்கிற மாதிரி இருந்தது. கால் வலித்தது, ஆனால் அது வேறு யாருடையவோ கால் போல இருந்தது.

கொட்டில் என்பது தகரம் அடித்த ஒரு மரப்பெட்டி. காற்று தூக்கிக்கொண்டு போகாமல் நான்கு மூலையிலும் இரும்பு வடத்தால் பாறையோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கதவு உண்மையாகவே பூட்டியிருக்கவில்லை. உள்ளே இரண்டு தட்டில் பலகைப் படுக்கை, ஒரு மேசை, ஒரு சின்ன யன்னல், மடித்து அடுக்கிய கம்பளிப் போர்வைகள். ஒவ்வொரு போர்வையின் ஒரு கரையிலும் ‘கால்கள்’ என்று டொச்சில் நெய்திருந்தது. ஒருவர் கால் வைத்த பக்கத்தை அடுத்தவர் முகத்துக்கு இழுத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி என்று கணவர் விளக்கினார். போர்வை தோய்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்காக யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அதன் பின்னர் மலசலகூடம் எங்கே என்று கேட்டேன். கணவர் பனியைக் காட்டினார். அதற்காக நான் அவரைப் பேசினேன். பேசினேன் என்றால் எங்கள் பக்கத்தில் ஏசினேன் என்று பொருள். உரையாடினேன் என்று இங்கே எழுதப்பட்டிருந்தால் அதைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசலில் நின்று பெரிய குரலில்தான் பேசினேன். “ஒரு கக்கூசும் இல்லாத இடத்துக்குக் கூட்டி வர உங்களுக்கு நான்தானே கிடைச்சன்” என்பது அதில் ஒரு வசனம். அந்த வசனம் இந்த வழக்குக்குத் தேவையானபடியால் சொல்கிறேன்.

அப்போது பனிக்குள் இருந்து சிவப்பு மழைச்சட்டை போட்ட இளைஞர் ஒருவர் வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னையே வெறித்துப் பார்த்து, “சாரி ஆன்ட்டி, நீங்க நிஜமாவே தமிழா? எனக்குத்தான் மண்டை குழம்பிடுச்சோன்னு நெனச்சேன்” என்றார். ஆன்ட்டி என்றதும் எனக்கு விறைப்பு ஏறியது. “அக்கா எண்டு சொல்லும். முதல் அந்த ஈரச் சப்பாத்தைக் கழட்டும்” என்றேன். அவர்தான் இளம்பரிதி, கரூரைச் சேர்ந்தவர். தனியாக வந்து, கல்லில் பூசியிருக்கும் அடையாளங்களைப் பனியில் தவறவிட்டு, இனி விடியும்வரை அசையக் கூடாது என்று ஒரு பாறையில் இருந்திருக்கிறார். அப்போது மேகத்துக்குள் இருந்து ஒரு பெண் தமிழில் திட்டுவது கேட்டிருக்கிறது. கக்கூஸ் என்ற சொல்லை வைத்துத்தான் திசை பிடித்தேன் என்று அவர் சொன்னபோது எனது கணவர் சிரித்த சிரிப்பில் கொட்டிலின் தகரம் அதிர்ந்தது. என்னுடைய வாய்க்கு ஒரு நாளும் கிடைக்காத மரியாதை அன்று கிடைத்தது.

அதன் பின்னர் நான் கொண்டுபோன பிட்டையும் கட்டைச் சம்பலையும் மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம். பொழுதுபடும் நேரத்தில் பனி மெல்ல மெல்லக் கீழே இறங்கி, எங்கள் காலடியில் போய்த் தங்கியது. பார்த்த இடமெல்லாம் வெள்ளை. அங்கங்கே மலைமுனைகள் மட்டும் வெளியே. ஒரு சத்தமும் இல்லை. கறுத்த மலைக்காகங்கள் சில சிறகடிக்காமல் எங்களைச் சுற்றி மிதந்தன. இதற்குள் இறங்கி நடந்தால் தாங்கும் போல் இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக எனக்கு நானே பயந்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருடமும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

மறுநாட் காலை வெளிச்சம் வரத் தொடங்கியதும் இளம்பரிதி எங்களிடம் விடைபெற்று, கணவாய்ப் பக்கமாக ஏறிப் போனார். கொட்டிலில் தொலைபேசி வேலை செய்யாது, அந்தக் கணவாயில் மட்டும் செய்யும் என்று கணவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அதன் பின்னர் கணவர் தேநீர் வைக்கத் தண்ணீர் எடுத்து வருவதாகப் போத்தல்களோடு போனார். தண்ணீர் விழுகிற இடம் கொட்டிலுக்குக் கீழே, ஒரு சரிந்த பாறைக்கு அருகில் இருக்கிறது. போத்தல் கல்லில் உருளுகிற சத்தம் கேட்டது. நிற்கும் என்று பார்த்தேன், நிற்காமல் உருண்டுகொண்டே போனது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாறையில் கண்ணாடி போல் உறைபனி படிந்திருந்தது. கணவர் அதற்குக் கீழே, ஒரு மாடி உயரமளவு விழுந்து, சரளைக் கற்களுக்குள் கிடந்தார். நான் இருந்த இருப்பிலேயே சறுக்கிக்கொண்டு இறங்கி அவரிடம் போனேன். வலது முழங்காலுக்குக் கீழே கால் போக வேண்டிய திசையில் போகவில்லை. “ஒண்டுமில்லை, கொஞ்சம் இருந்திட்டு எழும்புவன்” என்றார். எழும்ப ஏலாது என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய முகம் கீழே கிடந்த மூடுபனியின் நிறத்தில் இருந்தது. எனது மேற்சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டு, கணவாய் தெரிகிற பாறைத் திட்டுக்குத் தவழ்ந்து ஏறினேன்.

இனிச் சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் கணவாய்க்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. மறுகரையில் சிவப்பு மழைச்சட்டை, ஒரு பொட்டு அளவில், பனி விலகும்போது தெரிந்தது, மூடும்போது மறைந்தது. நான் இருந்த பக்கத்துக்கு மேலே அந்த நேரம் வானம் இன்னும் திறந்திருந்தது. காற்று கடுமையாக இருந்தது. நான் என்னுடைய முழுக் குரலையும் எடுத்துக் கத்தினேன்.

“தம்பி! இவர் விழுந்திட்டார்! கீழ நிக்கிறார்! கெதியா ஆக்களைக் கூப்பிடும்!”

அதன் பின்னர் அவருடைய குரல் வந்தது.

“நிக்கிறாரா?”

“ஓம்! ஓம்! கீழதான் நிக்கிறார்!”

சிவப்புச் சட்டை கையை உயர்த்திக் காட்டியது. அதன் பின்னர் பனி மூடிவிட்டது. காற்று எங்களிடம் மிச்சம் விட்ட சொற்கள் இவ்வளவுதான். கெதியா என்றால் விரைவாக என்பது அவருக்குத் தெரியாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

இளம்பரிதி அந்த இடத்திலிருந்தே மீட்புக் குழுவை அழைத்து, வயதானவர் ஒருவர் விழுந்துவிட்டார், இப்போது நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறார். நிற்க முடிகிறதா என்று அவர்கள் திருப்பிக் கேட்டதற்கும், ஓம், நிற்கிறார் என்றே அவருடைய மனைவி சொல்கிறார் என்று பதிலளித்திருக்கிறார். அதே வேளையில் மறுபக்க மலைச்சுவரில் இரண்டு பேர் கயிற்றில் தொங்குவதாக வேறோர் அழைப்பு வந்திருக்கிறது. தொங்குகிறவர்களை விட்டுவிட்டு நிற்கிறவரிடம் யார் வருவார்கள்? ஹெலிகொப்டர் அங்கே போனது. அவர்கள் செய்தது சரி. அவர்களுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

அதன் பின்னர் இளம்பரிதி தன் பயணத்தைத் தொடரவில்லை. எனது கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வர உதவலாம் என்று எங்களிடம் திரும்பி வந்தார். சரளைக்குள் கிடந்தவரைக் கண்டதும் அப்படியே உறைந்து போனார். “அக்கா, நிக்கிறாருன்னு சொன்னீங்களே” என்றார். “ஓம் தம்பி, இஞ்சதானே நிக்கிறார்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கணவரின் காலைப் பார்த்தார், திரும்பிக் கணவாய்க்கு ஓடினார். அவர் ஏன் அப்படி ஓடினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் இரண்டாம் முறை அழைத்து, விழுந்தவரால் எழும்பவே முடியாது, கால் முறிந்திருக்கிறது என்று சொன்னபோது பனி மலை முழுவதையும் மூடியிருந்தது. இனி ஹெலிகொப்டர் பறக்க முடியாது, நடந்து வருகிற குழுவும் மறுபக்கத்தில் நிற்கிறது, இருட்டுமுன் உங்களிடம் வந்து சேர முடியாது, விடியும்வரை அவரைச் சூடாக வைத்திருங்கள் என்று சொன்னார்களாம். முதல் அழைப்பில் நிற்கிறார், இரண்டாம் அழைப்பில் எழும்ப முடியாது. ஒரே வாயால் இரண்டு கதை, தன் பயணம் தடைப்படக் கூடாது என்று முதலில் குறைத்துச் சொல்லியிருக்கிறான் என்பது மகனுடைய வாதம். பயணத்தைத் தொடர விரும்பியவர் ஏன் திரும்பி வந்தார் என்று நான் மகனைக் கேட்கிறேன்.

அதன் பின்னர் நாங்கள் கணவரின் காலைக் கைத்தடிகளோடு வைத்துக் கட்டி, கம்பளியில் கிடத்தி, பாறையைச் சுற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாக இழுத்துக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தோம். இருந்த போர்வை எல்லாவற்றையும் அவர்மேல் போட்டோம். அந்த அவதியிலும் நான் ‘கால்கள்’ என்ற கரையைப் பார்த்துப் பார்த்துக் காற்பக்கம் வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது ஒன்றையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று இருந்தது.

அன்றிரவு பனி யன்னலைத் தடவிக்கொண்டு ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கேயோ நிலவு இருந்திருக்க வேண்டும். வெளிச்சம் வருவதும் போவதுமாக இருந்தது. இரும்பு வடங்கள் முனகின. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் பனி நின்று, கொட்டில்தான் ஓடுகிறது என்று தோன்றும். கணவருக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. கண்ணைத் திறக்காமலே, “இஞ்சாரும், ஹம் வந்திட்டுதோ?” என்று கேட்டார். எசனில் மகனைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற புகையிரதத்தில் இருப்பதாக அவருக்கு நினைப்பு. ஹம் வந்தால் இறங்கிவிடுவார் என்று பயந்தேன். “இல்லை, இன்னும் வரேல்லை. இப்பதான் எசன்” என்றேன்.

இளம்பரிதி விளங்கிக்கொண்டார். அந்தப் பாதையின் தரிப்பிடங்களை என்னிடம் காதுக்குள் கேட்டு, புகையிரதத்தில் அறிவிக்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எசன். போஹும். டோர்ட்மண்ட். இடையில் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக் கணவரின் கன்னத்தில் வைப்பார். டோர்ட்மண்டுக்குப் பிறகு நான் சொன்ன காமன் என்ற தரிப்பிடத்தை மறந்து, அடுத்தது ஹம் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது போர்வைக்குள் இருந்து கணவரின் குரல், “தம்பி, காமனை விட்டிட்டீர்” என்றது. நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் அழுதேன். அழவில்லை என்று இளம்பரிதி தன் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தால் அது என் மானத்தைக் காப்பதற்காகச் சொன்னது.

அதன் பின்னர் நாங்கள் அந்தப் புகையிரதத்தை ஹம்முக்குப் போக விடவில்லை. காமன் வந்ததும் திரும்ப எசனிலிருந்து தொடங்குவோம். கணவர் சில நேரம் முணுமுணுப்பார், சில நேரம் டிக்கெட் எங்கே என்று கேட்பார், சில நேரம் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காத நேரங்களில் நான் அவருடைய மூக்குக்குக் கிட்ட என் கன்னத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இருந்தேன். மூச்சுப் பட்டது. ஒரு கட்டத்தில் எனக்கே ஆசனம் ஆடுவது போலவும், வெளியே விளக்குகள் கடந்து போவது போலவும் இருந்தது. முன்பின் தெரியாத அந்தத் தம்பி, எங்கள் வீட்டுப் பாதையின் பெயர்களைச் செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் கரகரத்துப் போன பிறகும் நிறுத்தவில்லை.

வெளுத்ததும் மீட்புக் குழுவினர் வந்து கதவைத் திறந்தார்கள். வெளியே வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “ஹம் வந்திட்டுது, இப்ப இறங்கலாம்” என்றேன். அவர்கள் அவரைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கட்டி ஹெலிகொப்டரில் கொண்டுபோனார்கள். நான் போர்வைகளை மடித்து, இருந்த மாதிரியே அடுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். இளம்பரிதி என் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

வைத்தியர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். இரத்தம் நெடுநேரம் ஓடாமல் இருந்தபடியால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் கால் தப்பியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதை மகன் கேட்டுக்கொண்டு நின்றார். மகனுக்குத் தகப்பன் என்றால் உயிர். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. பார்க்க வந்த இளம்பரிதியை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். அந்தத் தம்பி கொண்டுவந்த தோடம்பழப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதைப் பார்த்தபோதுதான், நிக்கிறாருன்னு சொன்னீங்களே என்று அவர் கேட்டது எனக்குத் திரும்பக் கேட்டது.

எங்கள் பேச்சில் ஒருவர் ஓரிடத்தில் இருக்கிறார் என்றால் அங்கே நிக்கிறார் என்றுதான் சொல்வோம். லண்டனில் நிக்கிறார், கலியாண வீட்டில் நிக்கிறார், காய்ச்சலோடு வீட்டில் நிக்கிறார். கட்டிலில் விழுந்து கிடந்தாலும் நிக்கிறார்தான். இளம்பரிதியின் ஊரில் நிற்கிறார் என்றால் இரண்டு காலில் நிற்கிறார். அவர் விழுந்தவரைக் காணவில்லை, என்னுடைய குரலை மட்டும் கேட்டார். சந்தேகப்பட்டு, நிக்கிறாரா என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். ஓம் என்று சொன்னது நான். இதை மகனுக்குச் சொன்னேன். “அம்மா, தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் அப்பிடிப் பிழையா விளங்க ஏலுமோ? சும்மா அவனைக் காப்பாத்தாதேங்கோ” என்றார். ஜேர்மனியில் பிறந்து எங்கள் வீட்டுத் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறு தமிழ் இருக்கிறதென்று தெரியாது. நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. முன்னரே நான் டொச்சில் இதைச் சொன்னபோது அலுவலரும் நம்பினார் என்று சொல்ல முடியாது. பேனையைத் தட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மேற்படி சொன்னதன் பின்னர், திருமதி லவினியா அவர்கள் முதலாம் பக்கத்திலிருந்து அலுவலருக்கு டொச்சில் வாசித்துக் காட்டத் தொடங்கினார். பெயர், வயது, ஊர், தொழில் வாசித்து, அதன் பின்னர் எனது கணவர் தற்போது வைத்தியசாலையில் நிற்கிறார் என்ற வசனத்தை, எழுதியபடியே, நிறுத்தி யோசிக்காமல் டொச்சில் சொன்னார். அலுவலர் தலையை உயர்த்தி, முகம் மலர்ந்து, அதற்குள் எழுந்து நிற்கிறாரா, நல்ல செய்தியாயிற்றே என்றார். நான், இல்லை, படுத்த படுக்கைதான் என்றேன். அப்படியானால் நிற்கிறார் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். நான் திருமதி லவினியா அவர்களைப் பார்த்தேன். திருமதி லவினியா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதன் பின்னர் நான் அலுவலரிடம் டொச்சிலேயே கேட்டேன், இந்த அம்மா படித்தவர், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர், காற்றும் இல்லை, பனியும் இல்லை, எனக்கு முன்னால் இருந்து எழுதினார், இவருக்கு எதிராகவும் வழக்குப் போடுவீர்களா என்று. அலுவலர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பின்னர் அலுவலர் எழும்பிப் போய், வெளியே வாசலில் காத்திருந்த மகனை உள்ளே கூப்பிட்டு, அந்த வசனத்தையும் அதன் டொச் மொழிபெயர்ப்பையும் இரண்டு தரம் வாசிக்கக் கேட்கச் செய்தார். மகன் கதிரை கிடந்தும் அதில் உட்காரவில்லை. இளம்பரிதியின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன்.

முதலாம் பக்கத்தில் நிற்கிறார் என்பதை வெட்டி, இருக்கிறார் என்று திருத்தவா என்று திருமதி லவினியா என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். இன்று காலை நான் வைத்தியசாலையிலிருந்து பொலிசுக்கு வெளிக்கிடும்போது, ஒரு சொல்லால் வந்த வினை இது என்று கணவரிடம் சொல்லி அழுதேன். போர்வை பள்ளமாகக் கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு அவர், “விசரே உமக்கு? நான் நிக்கிறன் எண்டே எழுதச் சொல்லும். போயிட்டன் எண்டு எழுத வேண்டி வரேல்லைத்தானே” என்றார்.

நான் மேலே சொன்னவை யாவும் நான் கண்ணால் கண்டதும், காதால் கேட்டதும், இளம்பரிதி எனக்குச் சொல்லி நான் நம்புவதுமாகும். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தக் கூடியவர் எவரும் எங்கள் வீட்டில் இல்லை. முழுவதும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. பேசினேன் என்பது ஏசினேன் என்று விளங்கிக்கொள்ளப்பட்டது. நிற்கிறார் என்ற சொல்லை எனது வேண்டுகோளின்படி யாரும் தொடவில்லை.

ஒப்பம்: சுந்தரேஸ்வரி சிவகுருநாதன்